பச்சை விளிம்பும் பத்து மில்லிமீற்றரும்

மூன்றடி மீன்தொட்டி ஒன்றின் முன்பக்கத்துக்கு மட்டும் உயர்ரகத் தெளிவுக் கண்ணாடி போட்டு எட்டு மாதம் ஆகிறது. நீர்க்கறை படிந்தாயிற்று, பாசி பிடித்தாயிற்று, நீளமாய் ஒரு கீறலும் விழுந்தாயிற்று. இனி அதைப் பற்றி எழுதலாம். புதுத் தொட்டியை முதல் வாரத்திலேயே புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை. மாப்பிள்ளை முதல் விருந்தில் மாமியாரின் கறியைப் புகழ்வது போன்றது அது.

எனக்குத் தொழில் படங்களுக்குச் சட்டம் போடுவது. திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. பத்திரகாளி அம்மன், கோணேசர், மாதா, திருமணப் படம், பட்டமளிப்புப் படம், மாலை போட வேண்டிய படம் எல்லாவற்றுக்கும் முன்னால் 2 மில்லிமீற்றர்க் கண்ணாடி. வைரமுனை வெட்டியை மண்ணெண்ணெயில் தோய்த்து, ஒரே இழுப்பில் கோடு போட்டு, மேசை விளிம்பில் வைத்து முறிக்கும் வேலையை இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். ஆகவே கண்ணாடி விற்கிறவர் சொல்வதைப் பாதிக் காதால்தான் கேட்பேன். மற்றப் பாதியில் அவர் சொல்லாமல் விடுவது கேட்கும்.

மீன் வளர்ப்பது உவர்மலையில், வீட்டில். முன்பு இரண்டடித் தொட்டி ஒன்று இருந்தது, 6 மில்லிமீற்றர்ச் சாதாரணக் கண்ணாடியில் நானே ஒட்டியது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனபோது காற்று மோட்டார் நின்று, இருந்த மீன்களில் கப்பிகள் மட்டும் பிழைத்தன. கப்பிகளுக்கு எதுவும் ஆகாது. அதற்குப் பிறகு நீண்ட நாள் அந்தத் தொட்டி சட்டத் துண்டுகள் போட்டுவைக்கும் பெட்டியாகக் கிடந்தது. மறுபடி ஆசை வந்தபோது பெரிதாகவே வந்தது. 36 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம், 10 மில்லிமீற்றர்க் கண்ணாடி, மேலே சட்டம் எதுவும் இல்லாமல். இந்த மாதிரிச் சட்டமில்லாத் தொட்டிக்கு ஊரெல்லாம் ஆசை மூட்டியவர் நீர்த்தாவரத் தொட்டிகள் அமைத்துப் பெயர்பெற்ற ஜப்பானியரான தகாஷி அமானோ. 2015இல் இறந்துவிட்டார். சட்டம் போட்டுப் பிழைக்கிற மனிதன் தனக்கென்று வரும்போது சட்டம் வேண்டாம் என்கிறானே என்று என் மனைவி சிரித்தாள்.

கண்ணாடிக் கடையில் இருந்த தம்பி ஒவ்வொன்றும் ஒரு கையளவில் இரண்டு மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து, "அண்ணன், விளிம்பை மட்டும் பாருங்கள்" என்றார். பார்த்தேன். ஒன்றின் விளிம்பு சோடாப் போத்தல் பச்சை. மற்றதன் விளிம்பில் ஐஸ்கட்டியின் ஓரத்தில் தெரிவது போன்ற வெளிர்நீலம். அடுத்து விலை. சதுர அடிக்குச் சாதாரணக் கண்ணாடியின் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். தொட்டி முழுவதற்கும் 18 சதுர அடி வேண்டும். மனம் அந்த விளிம்பிலேயே நின்றுவிட்டதால், சரி என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது.

பச்சை எங்கிருந்து வருகிறது? இரும்பிலிருந்து. கண்ணாடி மணலை உருக்கிச் செய்வது, மணலில் இரும்பு இருக்கும். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. புல்மோட்டைக் கரையில் கறுப்பாய்க் கிடக்கும் இல்மனைற், இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த தாதுதானே. கண்ணாடிக்கு எடுக்கும் வெள்ளை மணலில் அவ்வளவு இல்லை. ஆனாலும் முடிந்த கண்ணாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இரும்பு ஒட்சைட்டு தங்கிவிடுகிறது. அது சிவப்பு வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும், மிஞ்சுவது பச்சை. உயர்ரகம் என்று விற்கிறார்களே, அதில் வேறு மாயம் எதுவும் இல்லை. இரும்பைப் பத்தாயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குக்குக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பில்கிங்டன் நிறுவனத்தின் ஒப்டிவைட், அமெரிக்காவின் ஸ்டார்ஃபயர் எல்லாம் இந்த இனம். எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது பெயர் கடைக்குக் கடை மாறிவிடும். அல்ட்ரா கிளியர் என்பார்கள், சுப்பர் கிளியர் என்பார்கள், கிறிஸ்டல் என்பார்கள்.

விற்கிறவர் விளிம்பைக் காட்டுகிறார். கையளவு துண்டில்கூட விளிம்பு வழியாகப் பார்க்கும்போது நம் பார்வை அரை அடிக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஆனால் மீனைப் பார்ப்பது கண்ணாடியின் முகம் வழியாக. அங்கே இருப்பது ஒரு சென்ரிமீற்றர். மீன் விளிம்புக்குள் நீந்துவதில்லை.

சரிந்து நின்று பார்த்தால் பார்வை கடக்கும் கண்ணாடியின் தடிப்பு அதிகமாகாதா என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் மகளிடம் கேட்டேன். கண்ணாடியின் முறிவுச்சுட்டி, அதாவது அது வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்ற எண், 1.52 என்று வைத்து, கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு முக்கோணம் கீறினாள். "எவ்வளவு சரிந்து நின்று பார்த்தாலும் உங்கள் 10 மில்லிமீற்றர் 13 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அதற்கு மேல் போகாது அப்பா. வெளிச்சம் கண்ணாடிக்குள் முறிந்துவிடும்" என்றாள். இவ்வளவு காலம் கட்டிய ரியூசன் காசில் எனக்கு நேரடியாகக் கிடைத்த பலன் இதுதான்.

கணக்கோடு விடவில்லை. கடையில் 2 மில்லிமீற்றர்க் கழிவுத் துண்டுகள் ஐந்தை எடுத்து, இடையிடையே தண்ணீர் விட்டு ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டினேன். தண்ணீர் விடாவிட்டால் ஒவ்வொரு முகமும் தனித்தனியே பளபளத்து ஏமாற்றும். பக்கத்தில் அந்தத் தம்பி தந்த உயர்ரக மாதிரித் துண்டு. இரண்டையும் புதிதாக வந்திருந்த அம்மன் படத்தின் மேல் வைத்தேன். ஐந்தடுக்கின் கீழே வெள்ளைக் கடதாசி மழைக்கால வானம் போல இலேசாய் மங்கியது. அம்மனின் குங்குமப் பொட்டு ஒரு நாள் பழையதாகியது. உயர்ரகத் துண்டின் கீழே அது இன்றைக்கு இட்டது போல இருந்தது. வித்தியாசம் உண்மை. ஆனால் உயர்ரகத் துண்டை எடுத்துவிட்டு ஐந்தடுக்கை மட்டும் விட்டுவைத்து, கடைக்கு வந்த நான்கு பேரிடம் காட்டினேன். பச்சை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் கண்ணாடியே போடவில்லையா என்று கேட்டார். எண்ணில் சொன்னால், 100 பங்கு வெளிச்சம் பட்டால் 10 மில்லிமீற்றர்ச் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 87, 88 பங்கைக் கடத்துகிறது, இரும்பு குறைந்தது ஏறத்தாழ 91 பங்கை. மூன்று நான்கு பங்குக்குத்தான் இரண்டு மடங்கு விலை.

பிறகு ஏன் வாங்கினேன்? மீன் சிவப்பாக இருந்ததால். நான் வைக்க நினைத்தது இலங்கைக்கே உரிய இரண்டு கெண்டைகள். ஒன்று செர்ரி பார்ப், 1929இல் விலங்கியலாளர் தெரணியகல பெயரிட்டது. மற்றது கறுப்புப் பட்டை போட்டது, சிங்களத்தில் புலத் ஹப்பயா, அதாவது வெற்றிலை மென்றது. பெயர் வைத்தவருக்கு நல்ல கண். பெண்ணைக் கண்ட ஆண்மீனின் முன்பாதி உண்மையிலேயே வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி ஆகிவிடும். இரும்பு திருடுவது இந்தச் சிவப்பைத்தான். பொன்மீனோ கப்பியோ வைப்பதாக இருந்தால் மாதிரித் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

முன்பக்கம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். பின்பக்கத்தில் கறுப்புக் கடதாசி ஒட்டப்போகிறேன், ஒரு பக்கம் சுவரோடு, வெளிச்சம் மேலிருந்து வருகிறது. மீதமுள்ள பக்கத்தைப் பார்க்கப்போவது குளியலறைக்குப் போகிறவர்கள். பதினெட்டுச் சதுர அடிக்கு வந்த மயக்கம் நாலரைச் சதுர அடியோடு தெளிந்தது. அப்படியும் அந்த ஒரு பலகைக்குக் கூடுதலாகக் கொடுத்தது, வடிகட்டிக்குக் கொடுத்த காசுக்குக் கிட்ட வந்தது.

கொழும்பிலிருந்து கண்ணாடி வர மூன்று வாரம் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. வந்த அன்று லொறியிலிருந்து இறக்கி வாசல் சுவரில் சாய்த்தார்கள். வீதியில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான் ஒன்று வந்து அதில் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊர் மான்கள் கடதாசியும் தின்னும், வாழைப்பழத் தோலும் தின்னும், கண்ணாடியும் பார்க்கும். மானை விரட்டிவிட்டு ஓரத்தில் ஒட்டியிருந்த நாடாவை உரித்தேன். நல்ல கரும்பச்சை. சாதாரணக் கண்ணாடி!

கடைக்குத் தொலைபேசி எடுத்தால், "பெரிய துண்டில் விளிம்பு அப்படித்தான் தெரியும், பொருள் ஒன்றுதான்" என்கிறார்கள். ஓரளவு நியாயம் போலத் தோன்றும் பதில். பார்வை போகும் தூரம் கூடக் கூடப் பச்சையும் கூடும் அல்லவா. ஆனால் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த மாதிரித் துண்டு என் கையில் இருந்தது. இரண்டையும் ஒரே வெள்ளைத் தாளின் மேல், முகம் மேலாக வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கைபேசி படத்தின் நிறத்தைத் தானாகவே சரிசெய்யும் பழக்கம் உள்ளது என்பதால் இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும், தனித்தனியே எடுத்தால் வித்தியாசம் காணாமற் போய்விடும். பன்னிரண்டு நாள் கழித்துச் சரியான கண்ணாடி வந்தது. மன்னிப்பு வரவில்லை. வாங்குகிறவர்கள் மாதிரித் துண்டைக் கேட்டு வாங்கி, தொட்டி ஒட்டி முடியும் வரை பத்திரமாக வைத்திருங்கள். இந்தக் கண்ணாடியில் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை, தொட்டிக் கடையில் ஒட்டியே வாங்குகிறவர் விளிம்பை மட்டுமே நம்ப வேண்டும்.

ஒட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வினாகிரி மணக்கும் சிலிக்கோன், பூஞ்சணத் தடுப்பு மருந்து கலக்காதது. ஒரு வாரம் காயவிட்டேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தெளிவு கூடியதால் பலம் கூடாது. நிறைந்த நிலையில் இந்த அளவுத் தொட்டியின் முன் கண்ணாடியை நீர் ஏறத்தாழ 95 கிலோ எடைக்குச் சமமான விசையால் வெளியே தள்ளுகிறது. அதைத் தாங்குவது தடிப்பும் பசையும். "உயர்ரகம்தானே, 8 மில்லிமீற்றர் போதும்" என்று யாராவது காசு மிச்சம் பிடிக்கச் சொன்னால், அவர் வீட்டு வரவேற்பறையில் வையுங்கள்.

முதல் இரவு விளக்கைப் போட்டபோது நன்றாகத்தான் இருந்தது. பெரும் தண்ணீர்ப் பாளம் ஒன்றைக் கத்தியால் வெட்டி மேசையில் வைத்தது போல. மகள் இரண்டு முறை கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். மனைவி அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "பழைய தொட்டியிலும் தண்ணீர் இப்படித்தானே இருந்தது?" என்று கேட்டாள். பழைய இரண்டடித் தொட்டியைக் கழுவி நிரப்பிப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அப்போது ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ள வைக்கப் பக்கத்தில் ஒரு சாதாரணத் தொட்டி தேவைப்பட்டது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

காலையில் எழுந்து பார்த்தால் தொட்டிக்குள் மீன் இல்லை, என் வீட்டு ஜன்னல் இருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல், கடல் பக்கத்து வெளிச்சம், எதிர்ச்சுவரில் தொட்டி. ஒன்பது மணி வரைக்கும் முன் கண்ணாடி முழுவதும் ஜன்னல் கம்பிகளும் என் சாரமும்தான் தெரிந்தன. படச்சட்டக்காரன் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது. கண்ணாடியின் வெளிமுகத்தில் படும் வெளிச்சத்தில் 100க்கு 4 பங்கு திரும்பித் தெறிக்கும், இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜன்னல் தொட்டிக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு பிரகாசமாக இருக்கும்போது அந்த 4 பங்கே மீனை மூடிவிடுகிறது. வாடிக்கையாளர்களிடம் "சாமிப் படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்" என்று வருடக்கணக்காகச் சொல்லிவருகிற வாய் இது. 190 லீற்றர்த் தொட்டியை நகர்த்துவது என்றால் இறைத்து, மீனை வாளியில் விட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். செய்யவில்லை. கடைத்தெருவில் தடித்த திரைச்சீலைத் துணி வாங்கி மனைவி தைத்துப் போட்டாள். அந்தத் துணி செய்த வேலையில் கால்வாசியைக்கூட உயர்ரகக் கண்ணாடி செய்யவில்லை.

மூன்றாம் வாரம் தொட்டியில் போட்ட மரவேர் சாறு விட்டு, தண்ணீர் வெறும் தேநீர் நிறத்துக்கு வந்தது. அந்தத் தேநீருக்கு முன்னால் இரும்பு குறைந்த கண்ணாடி பட்டு வேட்டியோடு வயலில் இறங்கியவர் மாதிரி நின்றது. வாரா வாரம் தண்ணீர் மாற்றித் தெளிய ஒன்றரை மாதம் ஆனது. வெளிப்பக்கத்தில் வாடைக் காற்றுக்கு உப்புப் படலம், கச்சான் காற்றுக்குப் புழுதி. இரண்டு நாள் துடைக்காவிட்டால் எந்தக் கண்ணாடி என்று நானே சொல்ல மாட்டேன். நீர்மட்டக் கோட்டில் சுண்ணாம்புக் கறை, வினாகிரித் துணியால் போகிறது.

இனிக் கீறல். என் தங்கையின் மகனுக்கு ஏழு வயது. பாசி துடைக்கும் காந்தத்தின் வெளிப்பாதியை எடுத்துக்கொண்டு புல்மோட்டைக்குப் போய், கரையில் உருட்டி, கறுப்பு மணல் மீசை முளைத்த காந்தத்தைப் பெருமையோடு திருப்பிக் கொண்டுவந்து தந்தான். நான் கழுவினேன். கழுவினேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் துடைத்தபோது கிர்ர் என்று ஒரு சத்தம், முன் கண்ணாடியின் வெளிமுகத்தில் ஒன்பது அங்குலக் கோடு. கண்ணாடியின் கடினம் மோ அளவில் 6க்குள், மணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. மணல்தான் வெல்லும். இரும்பு குறைந்த கண்ணாடி சீக்கிரம் கீறும் என்று மீன் வளர்ப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. என் வெட்டியால் இரண்டு மாதிரிகளிலும் இழுத்துப் பார்த்தேன், கைக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. விலை கொடுத்ததில் விழுந்த கீறல் பெரிதாகத் தெரிகிறது, அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன்.

யாரும் எனக்கு முன்பே சொல்லாத ஒன்றும் இருக்கிறது. முன்பக்கம் வெளுத்தால் பக்கக் கண்ணாடி பச்சையாகத் தெரியத் தொடங்கும். நான்கும் சாதாரணமாய் இருந்தால் கண் பழகிவிடும். இப்போது மூலையில் நின்று பார்த்தால் ஒரே மீன் முன்னால் சிவப்பு, பக்கத்தால் கொஞ்சம் சோகம். குளியலறைக்குப் போகிறவர்கள் கவலைப்படவில்லை, நான்தான் படுகிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. இரண்டடித் தொட்டிக்கு 5, 6 மில்லிமீற்றரில் இந்தக் கண்ணாடி வீண் செலவு, கடன் வாங்கிச் செய்தால் பைத்தியம். நான்கடியும் 12 மில்லிமீற்றரும் என்று போகிறவர், சிவப்பு மீனோ வெள்ளை மணலோ வைப்பவர், தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு ஒவ்வொரு மாலையும் உட்காருகிறவர் முன்பக்கத்துக்கு மட்டும் போடலாம். அதுவும் நல்ல வடிகட்டி, சிவப்பை ஒழுங்காய்க் காட்டும் விளக்கு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் வாங்கிய பிறகு கையில் காசு மிஞ்சினால். எனக்கு மறுபடி வாய்ப்பு வந்தால் போடுவேனா? புலத் ஹப்பயா நிறமேறி நிற்கும் மாலை ஆறு மணிக்குக் கேட்டால் போடுவேன் என்பேன். காலையில் கேட்காதீர்கள்.

போன கிழமை பக்கத்து ஒழுங்கை ஆசிரியர் ஒருவர் மகனுக்குக் கப்பித் தொட்டி வேண்டும் என்று வந்தார். இரண்டடி, 6 மில்லிமீற்றர், சாதாரணம் என்று எழுதிக்கொண்டேன். அவர் மேசையில் கிடந்த துண்டை எடுத்து விளிம்பைப் பார்த்துவிட்டு, "பச்சையாக இருக்கிறதே, வேறு நல்லது இல்லையா?" என்றார். நான் பின்னால் திரும்பி, மேலடுக்கிலிருந்து கறுப்பு அலுமினியச் சட்டத் துண்டு ஒன்றை எடுத்து அந்த விளிம்பின் மேல் செருகிக் காட்டினேன். பச்சை போய்விட்டது. எட்டடி நீளத்துக்கு என்ன வரும் என்று கேட்டார். விலையைச் சொன்னேன், முற்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.